ஆறு எண்களும் ஒரு திண்டுக்கல் பூட்டும்

"கம்ப்யூட்டர் பாதுகாப்பைப் பற்றிப் பெண்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு கட்டுரை வேண்டும்" என்று எங்கள் ஆசிரியர் சொன்னபோது எனக்குச் சற்றுக் கோபம் வந்தது.

"பெண்களுக்குப் புரிகிற மாதிரி என்றால் என்ன சார்? ஆண்களுக்கெல்லாம் புரிந்துவிட்டதா?" என்று கேட்டேன்.

"புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அதனால்தான் உங்களை அனுப்புகிறேன்" என்றார் அவர், சிரிக்காமல்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நேயர்களே. கல்லூரியில் நான் படித்தது சரித்திரம். கம்ப்யூட்டர் என்றால் கட்டுரை அடிப்பதற்கும், மின்சாரக் கட்டணம் செலுத்துவதற்கும் உரிய ஒரு பெட்டி என்ற அளவில்தான் என் ஞானம். ஆகவே, இந்த இயந்திரங்களோடு தினமும் புழங்குகிறவர்களைப் போய்ப் பார்ப்போம் என்று முடிவு செய்து, ஒரு நாள் அதிகாலையில் இருங்காட்டுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன்.

பூந்தமல்லியும் செம்பரம்பாக்கமும் கடந்தால் பெங்களூர் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை. 1998-ல் ஹூண்டாய் ஆலையிலிருந்து முதல் 'சான்ட்ரோ' கார் வெளிவந்தது இந்த ஊரில்தான். இன்று இங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்றும், அந்தப் பக்கம் ஒரகடம் என்றும் ஆலைகள் நீண்டுகொண்டே போகின்றன. கார், கண்ணாடி, டயர், செல்போன் என்று இங்கே செய்யாத பொருள் குறைவு. காலை ஷிப்டு மாறுகிற நேரத்தில் சாலையெங்கும் கம்பெனி பஸ்கள். ஜன்னலுக்கு ஜன்னல் தூங்கி வழியும் இளம் பெண்களின் முகங்கள்.

அவர்களில் ஒருத்தியோடு ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசினேன். திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண். வயது இருபத்திரண்டு. நாலு பேரோடு ஓர் அறையில் வாசம். இராத்திரி ஷிப்டு முடிந்து வந்திருந்தாள். கம்ப்யூட்டர் பாதுகாப்பு என்று நான் ஆரம்பித்ததுமே, அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"எனக்கு நடந்ததைச் சொல்லட்டுங்களா அக்கா?"

அவள் சொன்ன கதை இதுதான். ஒரு நாள் மாலை, சொந்த ஊர்ச் சிநேகிதியின் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. 'தவறுதலா உன் நம்பருக்கு ஆறு எண் வந்திருக்கும். கொஞ்சம் அனுப்பு' என்று. வந்துதான் இருந்தது. அனுப்பிவிட்டாள். அடுத்த சில நிமிஷங்களில், அவள் போனில் இருந்த செய்தி அனுப்பும் செயலி தானாக மூடிக்கொண்டது. மறுபடி திறக்கவில்லை.

விஷயம் என்னவென்றால், சிநேகிதியின் கணக்கு முன்பே திருட்டுப் போயிருந்தது. திருடன் அவளுடைய பெயரில் வந்து இவளுடைய சாவியையும் வாங்கிக்கொண்டான். பிறகு இவள் பெயரில் இவளுடைய அண்ணனிடம் போனான். 'அவசரம், நாலாயிரம் ரூபாய் அனுப்பு.' அண்ணன் டிராக்டர் ஓட்டுகிறவர். கையில் பணம் இல்லை. கடன் வாங்கி அனுப்பிவிட்டார்.

"அண்ணன் இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை திட்டலேக்கா. அதுதான் தாங்க முடியலே" என்றாள் அந்தப் பெண்.

"இவ்வளவு கவனக் குறைவா?" என்று யாராவது நினைத்தால், தயவு செய்து ஒரு கணம் நில்லுங்கள். வாசற்கதவைத் தட்டுகிறவர் அடுத்த வீட்டு மாமியின் குரலில் பேசினால் நீங்கள் திறக்கமாட்டீர்களா? நான் திறப்பேன். அவள் ஏமாந்தது அறிவுக் குறைவினால் அல்ல, அன்பினால். திருடனுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

எதை மறைப்பது? எதைச் சொல்வது?

அந்த ஆறு எண்கள்தான் சாவி. சாவி என்றதும் எனக்குத் திண்டுக்கல் நினைவுக்கு வருகிறது. என் பாட்டி வீட்டு இரும்புப் பெட்டியில் தொங்கியது ஒரு திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. 2019-ல் அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கூடக் கிடைத்தது. திண்டுக்கல்லில் பூட்டுச் செய்யும் தொழில் தலைமுறை தலைமுறையாக நடந்து வருவது. நெம்புகோல் எப்படி அமைகிறது, சாவி எப்படித் திரும்புகிறது என்பதெல்லாம் பட்டறைகளில் எத்தனையோ பேருக்குத் தெரியும். அப்படியும் பாட்டியின் பெட்டியை ஒருவரும் திறக்கவில்லை. காரணம், சாவி பாட்டியின் இடுப்பில் இருந்தது.

இதையே 1883-ஆம் ஆண்டில் ஒரு பாடமாக எழுதி வைத்தார் அகுஸ்த் கெர்க்ஹாஃப்ஸ் என்ற மொழி ஆசிரியர். ஹாலந்தில் பிறந்து பிரான்ஸில் வாழ்ந்தவர் அவர். ராணுவ ரகசியச் செய்திகளை மறைத்து எழுதும் முறை எதிரியின் கையில் சிக்கினாலும் குடி முழுகிவிடக் கூடாது. மறைக்க வேண்டியது சாவி ஒன்றுதான் என்பது அவர் கருத்து.

இந்தக் கருத்தின்மேல்தான் இன்றைய கம்ப்யூட்டர் உலகம் நிற்கிறது. உங்கள் வங்கிக் கணக்கைக் காக்கும் பூட்டுக்களில் 'ஏ.இ.எஸ்.' என்று ஒன்று உண்டு. அது ஒரு பகிரங்கப் போட்டியில் வென்றது. அமெரிக்க அரசு 1997-ல் போட்டியை அறிவித்தது. பதினைந்து முறைகள் வந்தன. எல்லாவற்றையும் ஊரறியப் பரப்பி, "முடிந்தால் உடைத்துப் பாருங்கள்" என்று உலகத்து நிபுணர்களையே அழைத்தார்கள். கடைசியில் பெல்ஜியத்து நிபுணர்கள் இருவர் செய்த முறை 2001-ல் ஏற்கப்பட்டது. அது எப்படி வேலை செய்கிறது என்பதை இன்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம். சாவி மட்டும் உங்களிடம்.

நம் வழக்கம் இதற்கு நேர்மாறாக இருக்கிறதே என்பதுதான் என் ஆதங்கம். போனை எப்படி உபயோகிப்பது என்பதை வீட்டில் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுப்பதில்லை. அது ஏதோ பெரிய ரகசியம். ரகசிய எண்ணை மட்டும் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிவிடுகிறோம்.

ஒரகடத்துக்கு வந்த விருந்தாளி

2017 மே 12, வெள்ளிக்கிழமை. 'வானாக்ரை' என்ற ஒரு நச்சு நிரல் உலகத்தைச் சுற்றி வந்தது. கம்ப்யூட்டரில் உள்ளதையெல்லாம் பூட்டிவிட்டு, "முந்நூறு டாலர் கொடுத்தால் திறப்பேன்" என்று திரையில் எழுதிக் காட்டியது. சுமார் நூற்றைம்பது நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. ரெனோ, நிஸான் கார் ஆலைகளில் வேலை தடைப்பட்டது. நம் ஒரகடத்திலுள்ள ரெனோ-நிஸான் ஆலையும் அதில் சிக்கியதாக அப்போது பத்திரிகைகளில் படித்தோம்.

இதில் இரண்டு விஷயங்கள் என்னைத் திகைக்க வைத்தன.

ஒன்று: விண்டோஸில் இருந்த ஓட்டை அமெரிக்க உளவுத் துறை ஒன்றுக்கு முன்பே தெரிந்திருந்தது. அதைச் சொல்லாமல் தன் உபயோகத்துக்கு வைத்துக்கொண்டது. அந்த ஆயுதம் வெளியே கசிந்து, கண்டவர் கைக்கும் போய்ச் சேர்ந்தது. பக்கத்து வீட்டுச் சுவரில் ஓட்டை இருப்பதைப் பார்த்தவர், பிறகு உதவும் என்று வாய் திறவாமல் இருந்தது போல!

இரண்டு: ஓட்டையை அடைக்கும் ஒட்டுத் துணியை மைக்ரோசாஃப்ட் கம்பெனி மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. திருடன் வந்தது மே மாதம். இடையில் இருந்த இரண்டு மாதத்தில் ஒட்டுப் போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

'புதுப்பிக்கவும்' என்று உங்கள் போனில் அறிவிப்பு வருகிறதல்லவா? நீங்கள் என்ன செய்வீர்களோ, எனக்குத் தெரியாது. நான் 'அப்புறம்' என்று தட்டிவிடுவேன். 'அப்புறம்' என்பதற்கு இவ்வளவு விலை என்று இந்தக் கட்டுரைக்காகப் படிக்கும்போதுதான் தெரிந்தது.

அந்த நச்சு நிரலின் வேகத்தைத் தடுத்தவர் இருபத்திரண்டு வயது ஆங்கில இளைஞர் ஒருவர். பெயர் மார்கஸ் ஹட்சின்ஸ். யாரும் பதிவு செய்யாத ஓர் இணையப் பெயரை அந்த நிரல் தேடிக்கொண்டே இருப்பதைக் கண்டு, சுமார் பத்துப் பதினொரு டாலர் கொடுத்து அதைத் தாம் பதிவு செய்தார். பெயர் கிடைத்ததும் நிரல் பரவுவது நின்றது!

அரை விநாடிச் சந்தேகம்

'திறந்த மென்பொருள்' என்று ஒரு வகை உண்டு. மென்பொருள் என்பது கம்ப்யூட்டருக்கு நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளைகள். சாதாரணமாகக் கம்பெனிகள் அந்தக் கட்டளைகளை வெளியே காட்டுவதில்லை. திறந்த மென்பொருளில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் இதை ஓர் இயக்கமாகவே தொடங்கினார். 1991-ல் பின்லாந்தில் லைனஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் 'லினக்ஸ்' என்பதை எழுதி ஊருக்குப் பொதுவாக்கினார்.

"இதெல்லாம் நமக்கு எதற்கு?" என்கிறீர்களா? உங்கள் கையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால், அதன் அடித்தளம் லினக்ஸ்தான். பேரப் பிள்ளைகளின் கல்யாண வீடியோவை ஓட்டிப் பார்க்கும் 'வி.எல்.சி.'யும் திறந்த மென்பொருள்தான். நம் மாநிலத்தில் 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் 'பாஸ் லினக்ஸ்' என்ற இந்தியத் தயாரிப்பையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பிள்ளைகளில் பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

"எல்லோரும் படிக்கலாம் என்றால் திருடனும் படிப்பானே?" என்று என் தாயார் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாக, 2024 மார்ச்சில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

கோப்புகளைச் சுருக்கி வைக்க 'எக்ஸ்-இஸட்' என்று ஒரு சிறிய மென்பொருள். உலகத்தில் கணக்கற்ற லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் அது உண்டு. அதைப் பராமரித்து வந்தவர் ஒரே ஒருவர். சம்பளமில்லாமல், ஓய்வு நேரத்தில். அவர் களைத்துப் போயிருந்தார். அப்போது 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் ஒத்தாசைக்கு வந்தார். இரண்டு வருஷத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்தார். பிறகு, யாரும் அறியாதபடி அதற்குள் ஒரு கள்ளக் கதவை வைத்துவிட்டார்! அது பரவியிருந்தால் விளைவு பயங்கரமாக இருந்திருக்கும்.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர். ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகிறதே என்று அவருக்கு உறுத்தியது. அரை விநாடி! குக்கர் விசில் சத்தம் வேறு மாதிரி கேட்டதும் கூடத்திலிருந்து எழுந்து ஓடுகிறோமே, அந்த மாதிரிக் காது அவருக்கு. உள்ளே எட்டிப் பார்க்க முடிந்ததால் தோண்டிக்கொண்டே போனார். கள்ளக் கதவு அகப்பட்டது. சமையலறைக் கதவு பூட்டியிருந்தால் உறுத்தல் உறுத்தலாகவே போயிருக்கும்.

என் அபிப்பிராயம் இதுதான்: திறந்திருப்பதனால் மட்டும் ஒன்று பத்திரமாகிவிடாது. யாராவது பார்க்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு ஓய்வும் ஊதியமும் மரியாதையும் வேண்டும். ஊருக்கெல்லாம் தண்ணீர் தரும் கிணற்றை ஒரே ஒரு கிழவர் தூர் வாரிக்கொண்டிருந்தால், தவறு கிழவருடையதல்ல.

கோபுரத்து மேல் ஏறியவர்

மத்தியானம் ஸ்ரீபெரும்புதூர் வரை போனேன். கோயில் நடை சாத்தியிருந்தது. வாசலில் சற்று நின்றேன். ராமானுஜர் அவதரித்த ஊர் அல்லவா? திருக்கோஷ்டியூரில் குருவிடம் பதினெட்டு முறை நடந்து பெற்ற மந்திரத்தை, "யாருக்கும் சொல்லாதே" என்ற கட்டளையையும் மீறி, அவர் எல்லோரையும் கூட்டி உரக்கச் சொன்னதாக ஐதிகம். தனக்கு நரகம் கிடைத்தாலும் பரவாயில்லை, இத்தனை பேருக்கு நல்ல கதி கிடைக்கட்டுமே என்று நினைத்தாராம்.

அவர் ஊருக்குப் பக்கத்திலேயே அந்தக் குணம் இன்றும் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் லினக்ஸ் பயனர் குழு என்று ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் கூடித் தெரிந்ததைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இணைய வழியே கூடுவதால் அடுப்படியிலிருந்தும் சேர்ந்துகொள்ளலாம். விழுப்புரத்திலும் இப்படி ஒரு குழு உண்டு. 'கணியம்' என்ற மின்னிதழ் 2012 முதல் இந்த விஷயங்களைத் தமிழிலேயே எழுதி, இலவசமாகக் கொடுத்து வருகிறது. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் சம்பளமில்லாத கைகள் கட்டிய வீடுதான். இவற்றுக்கெல்லாம் கட்டணம் இல்லை. உங்கள் பெண்ணையோ பிள்ளையையோ தாராளமாக அனுப்பலாம். நீங்களே போகலாம்.

ஒரே முதலாளி, ஒரே கதவு

ஸ்ரீபெரும்புதூரில் இன்னொரு ஞாபகமும் வந்தது. 2006-ல் இங்கே நோக்கியா செல்போன் ஆலை திறந்தது. ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை. அவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. இத்தனை பேருடைய வாழ்க்கை ஒரு வாசலை நம்பியிருந்தது. வாசல் அடைத்ததும் நடுத்தெருவுக்கு வந்தார்கள்.

அதற்குச் சுமார் ஒரு மாதத்துக்கு முன்னால், 2014 செப்டம்பர் 30-ல், இணையத்தில் 'ஆர்குட்' மூடப்பட்டது. ஞாபகம் இருக்கிறதா? கல்லூரிச் சிநேகிதிகளையெல்லாம் அங்கேதானே கண்டுபிடித்தோம்? பத்து வருஷத்துப் பேச்சும் பரிகாசமும் அதோடு முடிந்தன. வேலை போனதையும் இதையும் ஒரே தராசில் வைக்கமாட்டேன். ஆனால், காரணம் இரண்டிலும் ஒன்றுதான்: சாவி நம்மிடம் இல்லை.

இதற்கு மாற்று இல்லையா? இருக்கிறது. தினமும் உபயோகிக்கிறீர்கள். மின்னஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு கம்பெனியில் கணக்கு வைத்திருக்கலாம், உங்கள் நாத்தனார் வேறு கம்பெனியில் வைத்திருக்கலாம். கடிதம் போய்ச் சேருகிறது. ஒரு கம்பெனி மூடினாலும் மின்னஞ்சல் என்ற ஏற்பாடே மூடிவிடாது.

சமூக வலைத்தளத்தையும் இப்படி அமைக்கலாமே என்று 2016-ல் ஜெர்மனியில் ஓர் இளைஞர் செய்ததுதான் 'மாஸ்டடான்'. ஒரே பெரிய மாளிகைக்குப் பதில் பல சிறிய வீடுகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிர்வாகி, தனித்தனி விதிகள். ஆனால், வீட்டுக்கு வீடு பேசிக்கொள்ளலாம். 2019-ல் சுப்ரீம் கோர்ட் வழக்கறிஞர் ஒருவரின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டபோது, இந்தியர்கள் பலர் அங்கே குடிபோனார்கள். 2022-ல் ட்விட்டர் கைமாறியபோது இன்னும் ஏராளமான பேர் போனார்கள். பலர் திரும்பியும் வந்துவிட்டார்கள். சிறிய வீட்டில் கூட்டம் குறைவு; உறவுக்காரர்கள் அங்கே இல்லை; நடத்துகிறவருக்குக் காசும் பொறுமையும் தீர்ந்தால் அந்த வீடும் மூடிவிடும். இவையும் உண்மைதான். அப்படியானால் குடும்பக் குழுவைக் கலைத்துவிட்டு எல்லோரும் அங்கே போகலாமா என்று கேட்டால், "வேண்டாம்" என்றே சொல்வேன். குழந்தையின் முதல் பிறந்தநாள் புகைப்படத்துக்கு வேறோர் இடத்திலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

வீட்டுக்குச் சில காரியங்கள்

போனுக்கு வரும் ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்ல வேண்டாம். மகனே கேட்டாலும் குரலில் கூப்பிட்டுப் பேசிய பிறகுதான். செய்தி அனுப்பும் செயலிகளில் இரட்டைப் பூட்டு என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. நாமே தேர்ந்தெடுத்த ஒரு தனி எண்ணையும் கேட்கும். அதைப் போட்டுக்கொள்ள இரண்டு நிமிஷம் போதும். 'புதுப்பிக்கவும்' என்று வந்தால் அன்று இரவே செய்துவிடுங்கள். பணம் பறிபோனால் வெட்கப்பட்டு உட்கார வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிட்டுப் புகார் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்தி வைக்கச் சந்தர்ப்பம் உண்டு. அந்தப் பெண்ணுக்கு இந்த எண் தெரிந்தபோது பத்து நாள் ஆகியிருந்தது.

திரும்புகிற பஸ்ஸுக்காக நான் நின்றபோது, அவளும் கூட வந்து நின்றாள். கணக்கு ஒரு வாரத்துக்குப் பிறகு திரும்பக் கிடைத்ததாம். இப்போது இரட்டைப் பூட்டுப் போட்டிருக்கிறாள். அறையில் உள்ள மற்ற நாலு பேருக்கும் அவளே போட்டுக் கொடுத்தாள். அண்ணனுக்கு மாதம் ஆயிரமாக அடைத்து வருகிறாள்; இன்னும் ஒரு தவணைதான் பாக்கி. அண்ணன் வேண்டாம் என்கிறாராம், இவள் கேட்கவில்லை.

"ஊருக்குப் போறப்போ அண்ணன் போன்லேயும் போட்டுவிடணும்க்கா" என்றாள். பிறகு என் கைப்பையைப் பார்த்தாள். "உங்க போன்லே போட்டாச்சுங்களா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் வந்துவிட்டது. உட்கார இடம் கிடைத்ததும் முதல் காரியமாகப் போனை எடுத்தேன். செம்பரம்பாக்கம் வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது.